பேன் ஏறாத தலை

எங்கள் ஊர்ப் பேன்களைப் பற்றி நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வருஷம் ஒருநாள் வந்து தலையைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பேன் எள் அளவு என்றுதானே புத்தகத்தில் போட்டிருக்கிறது? எங்களுடையவை தட்டைப்பயறு அளவு. தலையணையில் காதை வைத்தால் மேய்கிற சத்தம் கேட்கும். கடையில் விற்கிற பேன் ஷாம்புவைப் போட்டால் சுகமாகக் குளித்துவிட்டுப் பளபளவென்று கரையேறின. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசினோம். கண் எரிந்தது எங்களுக்குத்தான். வேப்பெண்ணெய், வசம்பு, மண்ணெண்ணெய், சுகாதார நிலையத்து மாத்திரை என்று எதை அனுப்பினாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டன. மருந்துக்கு மசியாத புது இனம் ஒன்று நாடு முழுக்கப் பரவுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். அதற்குத் தலைநகரம் எங்கள் ஊர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். எருமைத் தோலைத் துளைக்கிற உண்ணியோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியவள். அதனால்தான் பேனை ஆராய ஒரு பெட்டி வந்து இறங்கியதும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

பள்ளிக்குள் நுழைந்தபோது இடைவேளை. கலையரங்க மேடையின் படிக்கட்டில் 'ரயில்' ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் அது ஒரு வழக்கம். ஒருத்தி உட்காருவாள், அவளுக்கு மேல்படியில் இன்னொருத்தி, அவளுக்கு மேல் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருக்கிறவள் தலையில் பேன் பார்ப்பாள். மருந்தெல்லாம் தோற்றபிறகு விரல்தான் மிச்சம். நகத்தில் நசுக்குகிற 'டக் டக்' சத்தம் தீபாவளி மாதிரி கேட்கும். அந்த ரயிலில்தான் அந்தப் பள்ளியின் மொத்த அரசியலும் ஓடும். யாருக்கு யார் பின்னால், யார் இன்று யாரோடு டூ, எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

தலைமையாசிரியை வைஜயந்தி நல்ல மனுஷி. யாரையும் நோகடிக்க மாட்டார். பிறரை நோகடிக்கிறவர்களையும் நோகடிக்க மாட்டார். அவர் அறையில் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து வந்த அபிநந்தன் என்ற இளம் விஞ்ஞானி, முன்ஜாக்கிரதையாக மொட்டை போட்டுக்கொண்டு, ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேன் பறக்காது, தாவாது, மேடம். நடக்க மட்டும்தான் தெரியும்," என்றான். "ஒரு தலையிலருந்து இன்னொரு தலைக்குப் போகணும்னா ரெண்டு தலையும் ஒட்டணும். அதோட வயித்துல குடிச்ச ரத்தம் இருக்கும். அதோட அம்மா, பாட்டி எந்த வம்சம்னும் உடம்புலயே இருக்கும். ஆளுக்கு ஒரு முடியும் ஒரு பேனும் குடுத்தாப் போதும். யார்கிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு பெட்டி கோடு போட்டுக் காட்டிரும்."

"அப்ப இது பேனுக்கு ஜாதகம் பாக்குற பெட்டின்னு சொல்லுங்க."

"அப்படியும் சொல்லலாம். ஆரம்பிச்ச தலையக் கண்டுபிடிச்சா மூலப் பேன் கிடைக்கும். அதை வச்சு மருந்து பண்ணலாம். ஒரு விஷயம் மேடம், பெட்டி எதையும் மறக்காது. பார்த்த ஒவ்வொரு பேனும் அன்னைக்கு சாயங்காலமே வரைபடத்துல ஏறிரும். அழிக்க முடியாது."

ஜாதகப்பெட்டி என்ற பெயர் அன்றே ஊருக்குள் பரவிவிட்டது. பேனைவிட வேகமாக.

"எதுக்கு இந்தப் பெட்டி கிட்டியெல்லாம்?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். ஜவுளிக்கடை உலகநாதன், பெற்றோர் சங்கத் தலைவர். அவர் தலையில் முன்பக்கம் அறுவடை முடிந்த வயல். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பயிர் நிற்கும். "எங்கருந்து வந்துதுன்னு ஊருக்கே தெரியும்லா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்."

எங்கள் ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் கடைவீதி, கோயில், பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் காலனி. அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாகரிகமானவர்கள். கையை மட்டும் காட்டுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பள்ளிக்கு வந்திருந்தது ஒரே ஒரு பிள்ளை. சுடர்க்கொடி, பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. அவளுடைய அம்மா பேச்சித்தாய் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலையில் இருப்பவள்.

"சங்கத்துல முடிவு பண்ணிட்டோம் டாக்டரம்மா," என்றார் உலகநாதன். "எந்தத் தலையில ஆரம்பிச்சுதோ அதுக்கு மொட்டை. ஊர்ல பேன் ஒழியுத வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது."

பேன் ஒழிகிறவரை என்றால் உலகம் அழிகிறவரை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வைஜயந்தியைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த பூமி உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே வகுப்பு வகுப்பாகப் பேன் எடுக்க ஆரம்பித்தோம். பன்னிரண்டாம் வகுப்புக்குள் போனதும் எனக்கு முதலில் பட்டது நாற்காலி. எல்லோருக்கும் பெஞ்சு, சுவரோரம் ஒருத்திக்கு மட்டும் கையில்லாத மர நாற்காலி.

"போர்டு நல்லாத் தெரியணும்லா, அதான் அவளுக்குத் தனியா," என்றார் வைஜயந்தி, நான் கேட்காமலேயே.

சுடர்க்கொடிக்குக் கண் எப்படிப்பட்டதென்றால், கோவில்பட்டியில் கிளம்புகிற ரயிலின் நம்பரை இங்கிருந்தே வாசித்துவிடுவாள். அவள் தலையில் பேன் சீப்பை வைத்து இழுத்தேன். வெள்ளைத் துணியில் எதுவும் விழவில்லை. மறுபடி இழுத்தேன். காதோரம், பிடரி, உச்சி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ஈர்கூட இல்லை. பக்கத்துப் பெஞ்சில் தர்ஷினி, உலகநாதனின் இளைய மகள், தலையை இரண்டு கையாலும் சொறிந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கலையரங்கத்துச் சுவரில் வரைபடத்தைப் போட்டார்கள். சிலந்தி குடித்துவிட்டுப் பின்னிய வலை மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு டீச்சர்களுக்கு நடுவே வடம் பருமனுக்கு ஒரு கோடு. "நான் பசங்களைத் தொடவே மாட்டேன்" என்று பெருமையடிக்கிற கணக்கு டீச்சர் தலையில் ஏழாம் வகுப்பு மொத்தமும் குடியிருந்தது. எல்லாக் கோடுகளையும் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனால் ஒரு புள்ளியில் போய் முடிந்தது. உலகநாதன் வீடு. மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்கிருந்தோ வாங்கி வந்த சவுரி முடியோடு முதல் பேன் வந்து இறங்கி, மணமேடையிலேயே குடும்பம் பெருக்கி, பந்தி பரிமாறப்பட்ட வேகத்தில் ஊருக்குள் போயிருக்கிறது.

"பெட்டி கோளாறு," என்றார் உலகநாதன்.

மொட்டைத் தீர்மானத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் மூச்சு விடவில்லை.

ஆனால் அபிநந்தன் உலகநாதனைக் கவனிக்கவேயில்லை. அவன் விரல் வரைபடத்தின் ஓரத்தில் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு ஒரு கோடுகூட வரவில்லை. அதிலிருந்து ஒரு கோடுகூடப் போகவில்லை.

"சுடர்க்கொடி," என்று வாசித்தான். "அத்தனை தலைக்கு நடுவுல ஒரு தலையில மட்டும் ஏறல. மேடம், இந்தப் பொண்ணோட ரத்தத்துல என்னமோ இருக்கு. பேன் குடிக்க முடியாத ரத்தம்!"

கலையரங்கமே கை தட்டியது. வைஜயந்தி அவளை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஸ்கூல் பொண்ணு," என்றார், முதல் தடவையாக.

அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். பேன் எப்படி நடக்கும் என்பதை ஜாதகப்பெட்டி வந்த நாளிலிருந்து மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள். வெள்ளைப் புள்ளியைச் சுற்றி எவ்வளவு காலியிடம் கிடக்கிறது என்று சுவர் முழுக்கத் தெரிந்தது. அவர்கள் கண்ணுக்கு அது ரத்தமாகத் தெரிந்தது.

நான் சுடர்க்கொடியைப் பிராணியியல் ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபார்மலினில் ஊறுகிற தவளைகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"ஒனக்குப் பேனே வந்ததில்லையா?"

"வராம? எங்க தெருவுல எல்லாருக்கும் இருக்கு டாக்டரம்மா. அதெல்லாம் பழைய பேன். ஷாம்பு போட்டாச் செத்துரும். அம்மா சாயங்காலம் ஒரு இழுப்பு இழுத்தா தலை காலி."

"இந்தப் புதுப் பேன்?"

அவள் தவளைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்; எனக்கு இவ்வளவு விளக்க வேண்டியிருக்கிறதே என்ற மாதிரி.

"இங்க யார்ட்டருந்து டாக்டரம்மா வரும்?"

எருமை உதைத்தால்கூட நான் நிற்பேன். அதற்கு உட்கார்ந்துவிட்டேன்.

"அவங்ககிட்டப் போய்ச் சொல்லுதேன்," என்றேன். "ரத்தம் கித்தம் ஒண்ணும் இல்லைன்னு."

"வேண்டாம்." சட்டென்று வந்தது. "இப்ப மேடையிலருந்து இறங்குதப்ப தர்ஷினி என்ட்ட தண்ணி பாட்டில் கேட்டா. வாய் வச்சுக் குடிச்சா."

"நாலு நாள்ல தெரிஞ்சு போகும்ட்டி."

"நாலு நாள் இருக்கும்லா," என்றாள்.

நாலு நாளைக்கு மேலேயே இருந்தது. அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்கு வாய் வலிக்கும். மறுநாளே தனி நாற்காலி காணாமல் போனது. பெஞ்சுகள் 'எங்ககூட உக்காரு' என்று சண்டை போட்டுக்கொண்டன. எவளோ ஒருத்தி, அவள் தலையில் முட்டினால் எதிர்ப்பு சக்தி ஒட்டிக்கொள்ளும் என்று கிளப்பிவிட்டாள். அவ்வளவுதான். காலையில் பள்ளி வாசலில் வரிசை. முட்டு, நகர். முட்டு, நகர். ஊர்க்கோடியிலிருந்து தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வட்டாட்சியரின் மாமியார் காரில் வந்து, இறங்காமலேயே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கேட் அடைத்திருக்கிற நேரத்தில், ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். என் கண்ணால் பார்த்தேன். ரயில் டிரைவரே இறங்கி முட்டிவிட்டுப் போனார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது மட்டும் நடக்கவில்லை.

இடைவேளை ரயிலில் அவளுக்கு இடம் கிடைத்தது, நடுப்படியில். அவள் முன்னால் இருந்தவளுக்குப் பார்த்தாள். அவள் தலையில் பின்னால் இருந்தவள் பார்த்தாள். எதுவும் அகப்படாது என்று தெரிந்தும் வகிடு பிரித்துப் பார்த்தாள்.

"எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"பின்னால ஒரு கை இருக்கு டாக்டரம்மா," என்றாள்.

சாயங்காலமெல்லாம் அவள் வீட்டில் வேறு கதை. பேச்சித்தாய் தண்டவாளத்து வேலை முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றியதும் மகளை உட்காரவைத்துச் சீப்புப் போடுவாள். துணியில் விழும். அன்றன்றைக்கு ஏறியதை அன்றன்றைக்கே இழுத்துக் கொன்று, மறுநாள் காலையில் அதிசயத்தைப் பள்ளிக்கு அனுப்புவாள்.

கம்பெனிக்காரர்கள் ரத்தம் எடுத்தார்கள். போதவில்லை என்றார்கள். ஒரு வருஷம் பெங்களூரில் வைத்துப் பார்க்க வேண்டும், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அன்று பேச்சித்தாய் என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"மாட்டுக்கே வைத்தியம் பாத்தவிய நீங்க. எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க. எம் புள்ள ரத்தத்துல என்ன இருக்கு?"

"ஒங்க ரத்தம்தான் இருக்கு, பேச்சித்தாய்."

"அப்ப எதுக்கு அவங்களுக்கு வேணும்? இத்தன வருஷம் யாருக்கும் வேணாம்னுதான இருந்துச்சு?" அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அவட்டச் சொன்னா கேக்க மாட்டேங்கா. 'இன்னும் ரெண்டு நாளும்மா'ங்கா. தெனம் அதையே சொல்லுதா."

பாராட்டு விழா வைத்தார்கள். பந்தல், மைக்செட், உலகநாதன் கடைப் பட்டுச்சேலையில் சுடர்க்கொடி. அன்று காலையிலேயே ஊர் பாதி அவள் தலையில் முட்டியிருந்தது. விழா முடிந்துதான் சீப்பு. ஆனால் அபிநந்தனுக்கு அது தெரியாது. அவன் மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டு, "இப்போ நேரடியாகவே பார்க்கலாம்" என்று வெள்ளைத் துணியை விரித்தான். நான் முன்வரிசையிலிருந்து எழுந்தேன். சுடர்க்கொடி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். உட்கார்ந்தேன்.

சீப்பு ஒரே இழுப்பு.

ஆறு விழுந்தன. வெள்ளைத் துணியில் கறுப்பாக, நிதானமாக, நாலா பக்கமும் நடந்தன. அவற்றில் ஒன்று மைக்கில் ஏறிப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆச்சரியம் இருந்திருக்காது, அவ்வளவு அமைதி.

முதலில் பேசியது உலகநாதன்தான். "நான் அப்பமே சொன்னேன்."

அபிநந்தன் அங்கேயே ஜாதகப்பெட்டியில் போட்டுப் பார்த்தான். ஆறு பேனும் ஆறு தலை. எல்லாமே கடைவீதித் தலைகள். "முட்டினவங்ககிட்டருந்து வந்திருக்கு," என்று முணுமுணுத்தான். பிறகு பெட்டியின் திரையில் அந்த வெள்ளைப் புள்ளியை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். கம்பெனி வண்டி மறுநாள் போய்விட்டது. பெட்டியை மட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறோம் என்று என்னிடம் போட்டுவிட்டுப் போனார்கள்.

"ஏமாத்திட்டா" என்றார்கள் ஊரில். யார் யாரை என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி திரும்பி வந்தது. அது எங்கேயும் போகவில்லை. கலையரங்கத்துப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள்.

இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. முட்ட வந்தவர்களின் பேன் பேச்சித்தாய் சீப்புக்குத் தப்பி, காலனிக்குள் இறங்கிவிட்டது. ஷாம்புவுக்குச் செத்துக்கொண்டிருந்த தெருவில் இப்போது ஷாம்புவில் குளிக்கிற பேன். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வீடு வீடாக முடி வாங்கிப் பார்த்தேன். தண்டவாளத்தைத் தாண்டிப் புதிதாகக் கோடுகள் விழுந்திருந்தன. எல்லாமே அந்தப் பக்கம் போகிற கோடுகள்.

"பாத்தியளா," என்றாள் பேச்சித்தாய். "நான் இந்தத் தண்டவாளத்துல ஆயுசு பூரா சுத்தியலத் தூக்கிட்டு நடக்கேன். முட்ட வந்தவங்கள விட்டா, அந்தப் பக்கத்துலருந்து ஒருத்தரும் எங்க தெருவுக்கு வந்து நான் பாத்ததில்ல. வந்ததுல தங்குனது இது மட்டுந்தான்."

அவளே மகளுக்கு மொட்டை போட்டாள். தெருவில் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டாள். அதோடு அந்தப் பக்கம் பேன் அடங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் மொட்டை போட யாருக்கும் மனசு வரவில்லை, படிக்கட்டு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சுடர்க்கொடி தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். ஒருநாளும் லீவு போடவில்லை என்று வைஜயந்தி என்னிடம் சொன்னார். சொல்லும்போது பூமி உருண்டையைத் தேடினார். அது மேஜையில் இல்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். தலையில் முடி விரல்கடை வளர்ந்திருந்தது. நான் தொழுவத்தில் பசுவுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். பத்திரமாக, இரண்டு கையாலும்.

திறந்தேன். ஒரே ஒரு பேன்.

"வலது காதுக்கு மேல இருந்துச்சு," என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. நானே எடுத்தேன்."

"தெருவுல மறுபடி ஆரம்பிச்சிட்டா?"

"தெரியல. அதுக்குத்தான் வந்தேன்." பசுவின் நெற்றியைத் தடவினாள். "நூலகத்துல மத்தியானம் படிப்போம். எல்லாரும் ஒரே மேஜைதான், ஆனா நான் ஓரத்துல. அன்னைக்கு வெயிலு. படிச்சிக்கிட்டே தூங்கிட்டேன். நடுவுல தோள் மேல கனமா ஒரு தலை சாஞ்சிருந்த மாதிரி இருந்துச்சு. தேங்காயெண்ணெய் வாசனை. நான் அசையல. முழிச்சுப் பாத்தா யாரும் இல்ல. கனவான்னு தெரியல டாக்டரம்மா."

பேனை எடுத்து ஜாதகப்பெட்டியில் போட்டேன். பெட்டி முனகியது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"பேரு சொல்லாதீங்க."

"ஏன்ட்டி?"

"பேரு வெளிய வந்துச்சுன்னா அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டுருவாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

திரையில் பெயர் வந்தது. நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. எதைச் சொன்னாலும் நாலு மடங்காக்கிச் சொல்கிறவள் நான். இதை மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"இந்தப் பக்கம்."

முட்டுகிற வரிசை இல்லை, பாராட்டு விழா இல்லை, அதிசயம் இல்லை. யாரும் பார்க்காத ஒரு மத்தியானத்தில், தனி நாற்காலிக்காரி தோளில் ஒரு தலை. சுடர்க்கொடி வெறும் தீப்பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "பசுவுக்குத் தவிடு கட்டியா இருக்கு, தண்ணி ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியபிறகுதான் எனக்கு அபிநந்தன் சொன்னது ஞாபகம் வந்தது. பெட்டி எதையும் மறக்காது. சாயங்காலமானால் வரைபடத்தில் ஏறிவிடும். வெள்ளைப் புள்ளிக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டின் மறுமுனையில் ஒரு பெயர், கலையரங்கச் சுவர் அளவுக்கு.

இன்னும் வெயில் இறங்கவில்லை. உலகநாதனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் தர்ஷினி, ரெட்டைச் சடையோடு.

"டாக்டரம்மா, அந்தப் பெட்டிய எடுங்க. கம்பெனிக்காரன் அனுப்பச் சொல்லுதான். அதுக்கு முன்னால எம் பொண்ணு தலையப் பாருங்க. இவ இப்பல்லாம் நூலகம் நூலகம்னு போய்க் குந்துதா. யார்கூட உரசிக்கிட்டுத் திரியுதான்னு எனக்குத் தெரியணும். பாத்துட்டு நான் பேசிக்கிடுதேன், தலைமையாசிரியைட்ட."

தர்ஷினி முகத்தில் ரத்தமே இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி இல்லையே," என்றேன்.

"இல்லையா? எங்க?"

"தவிட்டுத் தொட்டிக்குள்ள கெடக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். தவிட்டுத் தண்ணீரில் ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது. என் பசு நாக்கால் அதைத் துழாவிக்கொண்டிருந்தது.

"தொட்டிக்குள்ளயா? இவ்வளவு பெரிய பெட்டி எப்படி விழுந்துச்சு?"

"பேன் தள்ளிவிட்டுருச்சு."

"என்ன டாக்டரம்மா, வெளயாடுதீயளா?"

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துப் பேன்லா அண்ணாச்சி. சாதாரணமா? நாலு சேந்துச்சுன்னா பசுவையே தள்ளிரும்."

தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது. அப்பா திரும்பிப் பார்த்ததும் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையைச் சொறிந்தாள். இடது பக்கம், காதுக்கு மேலே. ஒரு தலை இன்னொரு தலையில் சாய்ந்தால் ஒட்டுகிற இடத்தில்.